நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது

கிராமத்துச் சலூனில் ஒரு தலைக்கு முடிவெட்ட நூறு ரூபாய்க்கு முன்பின் ஆகிறது. சவரமும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். அதே தலையை மண்ணச்சநல்லூருக்கோ திருச்சிக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் பேருந்துக் கட்டணம், காத்திருக்கும் நேரம், கூலிக்குப் போகிறவராக இருந்தால் அரை நாள் சம்பளம் எல்லாம் அதன் மேல் ஏறும். புது மோஸ்தர் வெட்டுக்காக டவுனுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசவில்லை. உள்ளூரில் கடை திறந்திருக்க, நாற்காலி காலியாக இருக்க, "உனக்கு இங்கே வெட்ட முடியாதுப்பா" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஒரே பெயர்தான் உண்டு. அது சாதி வரி.

பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக இரண்டு சம்பவங்கள். 2022-இல் சேலம் மாவட்டம் தலைவாசல் பகுதியில் தலித் இளைஞர் ஒருவருக்கு முடிவெட்ட மறுத்த விவகாரம் வழக்கானது. 2024-இல் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் இதே புகாரில் சலூன் நடத்திய தந்தையும் மகனும் கைதானார்கள். இரண்டும் வெளியே வந்ததால் நமக்குத் தெரிந்தவை. புகார் கொடுக்காமல் பேருந்து ஏறிவிடுகிறவர்களின் கணக்கை எந்தக் காவல் நிலையமும் வைத்திருப்பதில்லை. கன்ஷியாம் ஷா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழப் பாதிக் கிராமங்களில் தலித்துகளுக்கு முடிதிருத்தும் சேவை மறுக்கப்படுவது பதிவாகியிருக்கிறது.

இங்கே நம் கோபம் முதலில் கத்தரி பிடித்தவர் மீதுதான் பாய்கிறது. பாயட்டும், அவர் செய்வது குற்றம்தான். ஆனால் அவர் யார் என்றும் பார்க்க வேண்டும். முடிதிருத்தும் சமூகம் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. நேற்று வரை அவர் ஊருக்குக் குடிமகன். அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும், திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து சவரம் செய்ய வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சவரம், சாவு வீட்டில் சங்கு, சுடுகாட்டுச் சடங்கு எல்லாம் அவர் தலையில். அவர் வீட்டுப் பெண் மருத்துவச்சியாகப் பிரசவம் பார்ப்பார். இத்தனைக்கும் கூலி, அறுவடை முடிந்து களத்தில் அளந்து போடும் நெல். அளக்கிறவர் கைதான் மரக்கால். வயது எவ்வளவு ஆனாலும் அவரை ‘வாடா போடா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சாதிப் பெயரே வசைச்சொல்லாகப் புழங்கியது, சில வாய்களில் இன்றும் புழங்குகிறது.

அந்த ஏற்பாட்டில் சேரிக்கு அவர் போகக் கூடாது என்பது ஊர் போட்ட விதி. போனால் அந்தக் கத்தி ஊருக்கு ஆகாது. அதனால் சேரியின் தலைகளைச் சேரியே பார்த்துக்கொண்டது.

சுழல் நாற்காலியும் கண்ணாடியும் ரொக்கமும் வந்தபோது இது உடைந்திருக்க வேண்டும். பெரிய ஊர்களில் உடைந்தது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகே கடைக்குள் நுழைகிறவரிடம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கிராமத்தில் ஏன் கேட்கிறார்கள்? கடை இருக்கும் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். வாடகை வாங்குகிறவர், வாரம்தோறும் முதலில் வந்து உட்காருகிறவர், கோயில் திருவிழாவில் வரி வசூலிக்கிறவர் பல ஊர்களில் ஒரே சாதியாக இருப்பார்கள். "அவனுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம், கடையைக் காலி பண்ணு" என்ற ஒரு வார்த்தை போதும். களத்து நெல் போய் வாடகை ரசீது வந்தது, பிடி மாறவில்லை. கைதாகும்போது மட்டும் கைதாகிறவர் கத்தரிக்காரர். மிரட்டியவர் ஜாமீன் எடுக்க வரும் பெரியவராக நிற்கிறார்!

சட்டம் இதை அறியாமல் இல்லை. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955, தீண்டாமை காரணமாகச் சேவை செய்ய மறுப்பவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. அவர் கடைக்கு உரிமம் வைத்திருந்தால் தண்டனையோடு அதை ரத்து செய்யவும் நிறுத்திவைக்கவும் வழி உண்டு. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காகத் தன் சமூகத்து ஆளையே ஒதுக்கிவைப்பதையும் தீண்டாமையைத் தூண்டிவிடுவதையும் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் சமூகப் புறக்கணிப்பையும் வன்கொடுமையாகச் சேர்த்தன. வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதும் மீசையை எடுப்பதும் அப்போதுதான் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. வெட்ட மறுப்பதும் வலிய மழிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னும் பின்னே போகலாம். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்ற சொல்லில் சவரக்கடை, சலவைக்கடை எல்லாம் அடங்குமா என்ற சந்தேகம் எழுந்தது. அம்பேத்கர் பதில் சொன்னார்: நாடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர முன்வருகிற இடம் எல்லாமே கடைதான். உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, உரிய கூலி கொடுத்தால் சேவையும் செய்தாக வேண்டும் என்பது அவருடைய விளக்கம். சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்த நாள் விவாதத்தை முழுக்கத் தேடிப் படிக்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நேர் மறுப்பான காட்சி ஒன்று தினமும் நடக்கிறது. திருவெள்ளறைக்குப் பக்கத்தில்தான் சமயபுரம். மாரியம்மன் கோயில் முடிகாணிக்கை மண்டபத்தில் வரிசையாகத் தலைகள் குனிகின்றன, கத்தி ஓடுகிறது. எந்த ஊர், எந்தத் தெரு என்ற விசாரணை கிடையாது. கைக்குழந்தையின் உச்சந்தலையில் கீறல் விழாமல் மழிப்பது லேசான வேலை இல்லை. ஆடி மாதக் கூட்டத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை தலை பார்க்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு முதுகு வலிக்கும். 2021-இல் அரசு கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அம்மன் சந்நிதியில் தீட்டுப்படாத கத்தி ஊர்க்கடையில் எப்படித் தீட்டுப்படும்? தீட்டு கத்தியில் இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும்.

"அவர்களுக்கென்று அவர்களே ஒரு கடை வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். இரட்டைக் குவளை காலத்திலும் இதே நியாயம்தான், உங்களுக்கென்று தனியாகத் தம்ளர் இருக்கிறதே என்று. திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டிய சுவஸ்திகக் கிணற்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான்கு புறமும் படி. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார் என்பார்கள். (அந்த நான்கில் எந்தத் துறையில் சேரிக்காரர் இறங்கினார் என்று கேட்கத் தோன்றுகிறது.) குளிக்கும் துறைக்கு மறைவு வேண்டும். முடிவெட்டுகிற நாற்காலிக்கு எதற்கு?

தலித் இளைஞர் சலூன் வைப்பது வேறு விஷயம். வைக்கட்டும், காலனிக்குள் மட்டும் வேண்டாம், கடைத்தெருவில் வைக்கட்டும். இது இனி பரம்பரைத் தொழில் இல்லை. கற்றுக்கொள்ளும் தொழில். சீப்பும் கத்தரியும் பிடிக்கும் நிதானம், டிரிம்மரின் அளவு, முகவாட்டம் பார்த்து வெட்டும் கண், ஆளுக்கு ஒரு புது பிளேடு, ஒவ்வொரு தலைக்கும் துவைத்த துணி என்று எல்லாம் கை பழகினால் வரும். வருமானம் மாதம் முழுக்க ஒன்றாக இராது. முகூர்த்த நாளும் ஞாயிறும் தூக்கிவிடும், செவ்வாய் படுத்துவிடும். வேலைக்கு நிற்பவருக்கு வெட்டும் தலைக்கு இத்தனை பங்கு என்பதுதான் பல கடைகளில் வழக்கம். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை என்பதால் கால் நரம்பும் இடுப்பும் முதலில் கேட்கும். சொந்தக் கடை போட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு 35 சதவீத மானியம் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். தொழிலில் இருக்கும் எவரும், எந்தச் சாதியானாலும், முடிதிருத்துவோர் நலவாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளின் கல்வி உதவியும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் பதிந்தவருக்குத்தான்.

மறுக்கப்பட்டவர் செய்ய வேண்டியது கடைக்காரரோடு கைகலப்பு இல்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் பெயர் இவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. வன்கொடுமை வழக்கை விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. புகாரில் கத்தரிக்காரர் பெயர் மட்டும் போதாது. அவரை மிரட்டியது யார், கட்டடம் யாருடையது என்பதும் வர வேண்டும். வெட்டத் தயாராக இருந்து மிரட்டலுக்குப் பயந்தவராக இருந்தால் அவரையே சாட்சியாக்க முடியுமா என்று போலீசார் கேட்டுப் பார்க்க வேண்டும், பாதுகாப்பும் தர வேண்டும்.

ஊராட்சிகளுக்கு ஒன்று. ஊராட்சிக்குச் சொந்தமான கடைகளை ஏலம் விடும்போது, எல்லோருக்கும் சேவை என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஊராட்சிக் கடையில் இருக்கும் சலூன்காரரை அப்போது எந்தத் தனியாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் சபைக்கு இந்த ஒரு வரியைத் தீர்மானமாக எழுதி முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.