மனம் முன்னால, மயில் பின்னாலயா?

நேமத்தான்பட்டி வீட்டுல அப்பத்தாவோட பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்க உட்கார்ந்தேன் மக்களே. மென்பொருள் நல்ல வேகம்தான், நாலு கோர்ல நாலு பாட்டு ஓடுது. ஆனா பாட்டுப் பட்டியல் மனம், மயில், மரம், மலர், மழைன்னு நிக்குது! நம்ம நெடுங்கணக்குல 'ன' கடைசி மெய்யாச்சே, மனம் மழைக்குப் பின்னாலதானே வரணும்? 1988 இஸ்கி தேவநாகரி அச்சுல 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்துல வச்சுது, யூனிகோடும் அப்படியே எடுத்துக்கிச்சு. அந்த எண்ணை வச்சு அடுக்கினா இப்படித்தான். அக்காவுக்கு முன்னாலயே அகல் வந்து நிக்கும்.

வழுன்னு எழுதினா, சரியா அடுக்கினா வேகம் குறையுமாம். பொட்டி தட்டுறவன்கிட்டயே ஜல்லியா? ஒரு பாட்டை என்கோட் பண்ணவே விநாடிக்கணக்குல ஆகுது. ஆயிரம் பேரை அடுக்குறது அதுல தூசு. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் விதியைத் தேடினாத்தான் இழுக்கும். ஐசியு நூலகம் தமிழ் வரிசைப்படி பேருக்கு ஒரு வரிசைச்சாவி செஞ்சு தருது. ஒரே தடவை செஞ்சு வச்சுக்கிட்டா, அப்புறம் வெறும் பைட் ஒப்பீடுதான்.

நிரலைத் திருத்தி அனுப்பிட்டேன், பதிலைக் காணோம். அப்பத்தா இன்னும் 'மனம்' பாட்டை மழைக்குக் கீழதான் தேடிக்கிட்டிருக்காக :-)