பாப்கார்ன் விற்காத படம்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். தோளில் பை, கையில் ஹார்ட் டிஸ்க் சகிதம் ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். வகுப்புத் தோழர்கள் ஒன்பது பேரோடு சேர்ந்து ஒரு படம் எடுத்திருக்கிறான். 74 நிமிடம். தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவரின் ஒரே ஒரு நாள். காமிரா கல்லூரியுடையது. லாரி நண்பனின் மாமாவுடையது. சாப்பாடு அம்மா சமைத்தது. மீதிச் செலவுக்கு அம்மாவின் நான்கு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன.

படத்தைப் பார்த்தேன். குறைகள் இருக்கின்றன. ஒலி சில இடங்களில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஆனால் கடைசிப் பத்து நிமிடம், காலிக் குடத்தோடு நிற்கிற கிழவி டிரைவரைப் பார்க்கும் அந்தப் பார்வை... அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"நல்லாயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க சார். காட்டத்தான் எடம் இல்ல" என்றான்.

கோடம்பாக்கத்தில் ஒரு விநியோகஸ்தரைப் போய்ப் பார்த்திருக்கிறான். நடந்த உரையாடலை அவன் நடித்தே காட்டினான்.

"யாரு தம்பி ஹீரோ?"

"நிஜ லாரி டிரைவர் சார்."

"ஹீரோயின்?"

"கெடையாது சார்."

"பாட்டு எத்தன?"

"பாட்டும் இல்ல சார்."

"இடைவேள எங்க வருது?"

"74 நிமிஷம்தானே சார்... இடைவேளை விடல."

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். "தம்பி, தியேட்டர்காரன் சம்பாதிக்கிறதே இடைவேளையிலதான். பாப்கார்ன் விக்காத படத்த எவன் போடுவான்?"

சிரிப்பாக இருக்கிறதல்லவா? யோசித்துப் பாருங்கள், அவர் சொன்னதில் பொய் இல்லை. தியேட்டர்காரர் தர்ம சத்திரம் நடத்தவில்லை. கரன்ட் பில் இருக்கிறது, ஆள் சம்பளம் இருக்கிறது. ஏழு பேருக்காக ஏ.சி. ஓட்ட அவரால் முடியாது. நான் அவர் மேல் கோபப்படவில்லை. இந்தப் பையனை இப்படி ஒரு முட்டுச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம்.

முட்டுச் சந்து என்று ஏன் சொல்கிறேன்? ஓ.டி.டி.க்காரர்களிடம் போனால், "தியேட்டர்ல ரிலீஸ் பண்ணிட்டு வாங்க" என்கிறார்கள். டி.வி.யிலும் அதே பதில். தியேட்டருக்குப் போனால், "ஓ.டி.டி. வித்தாச்சா? யார் நடிச்சிருக்காங்க?" பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, "இனிமேல் யாரும் படம் எடுக்கலாம், சினிமா ஜனநாயகமாகிவிட்டது" என்று எல்லோரும் குதித்தோம். நானும்தான். எடுப்பது மலிவானது உண்மை. காட்டுவது? படப்பெட்டி போனது, அந்த இடத்தில் திரைக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு என்று டிஜிட்டல் கட்டணம் வந்து உட்கார்ந்தது. அதைக் குறைக்கச் சொல்லி 2018 மார்ச்சில் தமிழ் சினிமாவே ஒன்றரை மாதம் புதுப்படம் வெளியிடாமல் ஸ்டிரைக் செய்தது. கோடிகளில் புரளும் முதலாளிகளுக்கே அந்தக் கட்டணம் வலித்தது. வளையல் அடகு வைத்தவனுக்கு?

"யூட்யூப்ல போட்டுட வேண்டியதுதானே?" என்று ஒரு இலவச ஆலோசனை எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. போடலாம். கடலில் கரைத்த பெருங்காயம் அது. பத்து நிமிடக் குறும்படத்துக்குச் சரி. 74 நிமிடப் படத்தைப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். அடகுக் கடைக்காரர் 'லைக்'கை வட்டியாக வாங்கிக்கொள்ள மாட்டார்.

"பெஸ்டிவலுக்கு அனுப்பு, உலகமே கொண்டாடும்" என்பது அடுத்த ஆலோசனை. பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாமில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. பின்னால் பிரபலமான தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். அப்படியும் 2023 அக்டோபரில் நேராக ஓ.டி.டி.யில்தான் வந்தது. செழியனின் 'டு லெட்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை 2018-ல் வாங்கி, 2019 பிப்ரவரியில்தான் தியேட்டரைப் பார்த்தது. உலகம் கைதட்டிய படங்களுக்கே இந்தக் கதி என்றால், தண்ணீர் லாரி எங்கே போய் நிற்கும்?

உடனே யாராவது, "திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த 'ஊமை விழிகள்' ஓடவில்லையா?" என்று கேட்பார்கள். ஓடியது. 1986-ல் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆனால் போஸ்டரில் விஜயகாந்த் இருந்தாரே! மாணவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. விநியோகஸ்தர் வாங்கியது அந்த முகத்தையும் சேர்த்துத்தான் என்கிறேன்.

அதே 1986-ல் பக்கத்து மாநிலத்தில் வேறொன்று நடந்தது. நம் தமிழிலேயே 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், ஒடேசா என்ற கூட்டமைப்பின் மூலம் கேரளத்தில் ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு மக்களிடம் துண்டு ஏந்தினார்கள். சேர்ந்த காசில் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். காசு கொடுத்தவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். படம் எடுப்பதும் காட்டுவதும் அவர்களுக்கு ஒரே வேலை.

நம் கல்லூரிகள் இதில் எதைச் சொல்லித் தருகின்றன? ஃபீஸ் வாங்குகிறார்கள். குரோசவா, கோதார்த் என்று பாடம் எடுக்கிறார்கள். லென்ஸ், லைட்டிங், எடிட்டிங் எல்லாம் உண்டு. ஆனால் என்.எஸ்.சி. ஏரியா என்றால் என்ன, எம்.ஜி. என்றால் என்ன, சென்சாருக்கு எப்படி விண்ணப்பிப்பது... ஒரு வகுப்பு கிடையாது. இந்தப் பையன் படத்தில் லாரிக்கு அடியில் ஒரு தெருநாய் படுத்திருக்கிறது. சென்சாருக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது, அதற்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும், அதுவும் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்று! நாயைக் கத்தரித்துவிட்டுத்தான் சான்றிதழ் வாங்கினான். நீச்சல் சொல்லித் தராமல் பிள்ளைகளை நடுக்கடலில் இறக்கிவிட்டு, பட்டமளிப்பு விழாவில் மட்டும் கைகுலுக்கி என்ன பயன்?

அரசாங்கம்? சிறு முதலீட்டுப் படங்களுக்கு 7 லட்ச ரூபாய் மானியம் என்று வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் காசு கொடுப்பது வேறு, கதவைத் திறந்துவிடுவது வேறு. கேரளத்தில் அரசு நிறுவனமே தியேட்டர் நடத்துகிறது. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று சொந்தமாக ஓ.டி.டி. தளமும் தொடங்கியது. மகாராஷ்டிராவில் 2015-ல் மல்டிபிளெக்ஸ்களில் மராத்திப் படத்துக்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தாடையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது நாம்தான்.

"தியேட்டரைக் கட்டாயப்படுத்த முடியுமா?" என்று கேட்காதீர்கள். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பீகாரில் வெள்ளம், மந்திரி அடிக்கல் நாட்டு விழா என்று பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ஓடி முடிந்த பிறகுதான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வருவார்கள். பல பத்தாண்டுகள் அது சட்டப்படி கட்டாயம். அதற்கு வசூலில் ஒரு சதவிகிதத்தைத் தியேட்டர்காரர்களே வாடகையாகக் கட்டினார்கள். யாரும் செத்துப்போகவில்லை. இன்று அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது? நகைக்கடை, ஜட்டி, பான் மசாலா! மந்திரி கத்தரிக்கோல் பிடிப்பதைப் பார்த்த நம் கண்கள், ஒரு மாணவனின் பதினைந்து நிமிடக் குறும்படத்தைப் பார்த்தால் கெட்டுவிடுமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு திரை, வாரநாளில் ஒரு காலைக் காட்சி. எப்படியும் காற்று வாங்கும் காட்சிதான். வாடகை வேண்டாம், விற்ற டிக்கெட்டில் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். முழு நீளப் படத்துக்கு அது. குறும்படத்துக்கு விளம்பர நேரத்தில் பதினைந்து நிமிடம். கல்லூரிகள் தங்கள் ஆடிட்டோரியங்களை ஒருவர் படத்துக்கு ஒருவர் திறந்துவிடட்டும்.

இடம் கொடுத்தால் ஆள் வருமா? கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' வாராவாரம் புதியவர்களுக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்து வந்தவர்கள்தான் 2012-ல் 'பீட்சா'வும் 2013-ல் 'சூது கவ்வும்' படமும் எடுத்து, அதே கோடம்பாக்கத்துக்குக் கல்லாவை நிரப்பிக் கொடுத்தார்கள். பெரியவரே, இது நஷ்டக் கணக்கு இல்லை. விதைநெல் கணக்கு!

கடைசியாக உங்களுக்கு. "தமிழ்ல நல்ல படமே வர்றதில்ல சார்" என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. நல்ல படம் வந்த வாரம் எங்கே போயிருந்தீர்கள்? முதல் நாள் முதல் காட்சிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள், வருடத்துக்கு ஒரு ஐம்பது ரூபாயை ஊர் பேர் தெரியாத ஒரு பையனுக்காகச் செலவழித்ததுண்டா?

நேற்று அவன் போன் செய்தான். பெரியவரை நம்பிப் பயனில்லை என்று பத்துப் பேரும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இதுவரை மூன்று கல்லூரிகளில் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் ஒரு காலிக் குடம். படம் பிடித்திருந்தால் காசு போடலாம்.

"எவ்வளவுப்பா தேறிச்சு?" என்றேன்.

"வட்டி கட்டியாச்சு சார். அசல் அப்படியே நிக்குது."

வட்டியை அவன் கட்டிவிட்டான். அசலில் நம் பங்கு எவ்வளவு?