கைதட்டுவதற்கு முந்திய ஆண்டுகள்

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் பள்ளியின் தொடர் ஓட்டக் குழுவில் இருக்கிறாள். ஆண்டுத் தொடக்கத்தில் அவளிடம், “அடுத்த ஆண்டு பெரிய தேர்வு இருக்கிறது. ஓட்டத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வை,” என்றேன். அவள் வாதாடவில்லை. “சாந்தி பெரேரா தங்கம் வென்றபோது வீட்டிலேயே அதிகம் கத்தியது நீங்கள்தானே, அப்பா?” என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் நம் நாட்டின் விளையாட்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதில் பதக்கங்களைவிட, அவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளே என் கண்ணில் பட்டன.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரிலிருந்து பங்கேற்றவர் ஒரே ஒருவர். உயரம் தாண்டும் வீரரான லாய்ட் வால்பெர்க். பதக்கம் கிடைக்கவில்லை. 1960ல் ரோம் நகரில் பளுதூக்கும் வீரர் டான் ஹவ் லியாங் மொத்தம் 380 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். நாடு சுதந்திரம் பெறுவதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தை 2008ல் பெய்ஜிங்கில் மகளிர் மேசைப்பந்துக் குழு பெற்றுத் தந்தது. இடையில் 48 ஆண்டுகள்.

முதல் தங்கம் 2016ல் வந்தது. ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலை ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 வினாடியில் முடித்தார். வால்பெர்க் அவருக்குத் தாத்தா முறை. ஒரே குடும்பத்தில், முதல் வீரருக்கும் முதல் தங்கத்துக்கும் இடையே 68 ஆண்டுகள்! உடற்குறையுள்ளோருக்கான ஒலிம்பிக்கிலோ நீச்சல் வீராங்கனை யிப் பின் சியு 2008 முதல் 2024 வரை 7 தங்கம் வென்றிருக்கிறார். அவருக்கு நாம் அதே அளவு கைதட்டினோமா என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

சாந்தி பெரேரா 2015ல் சொந்த மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றார். அடுத்த மூன்று தென்கிழக்காசியப் போட்டிகளிலும் அவருக்குத் தங்கம் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் ஓட்டத்தை விட்டிருந்தால் குறை சொல்லியிருப்போர் சிலரே. விடவில்லை. 2023ல் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 200 மீட்டர் தங்கத்தை வென்றார். 1974ல் சீ சுவீ லீ வென்றதற்குப் பிறகு, 49 ஆண்டுகள் கழித்துத் திடல்தடத்தில் நமக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது. நான் கத்தியது அந்த நாளில். அதற்கு முந்திய 8 ஆண்டுகளில் அவர் எங்கே ஓடினார் என்று நான் கேட்டதே இல்லை.

படிப்பு கெட்டுவிடுமே என்ற பயம் பெற்றோருக்கு இயல்பு. எனக்கும் உண்டு. ஆனால், 1966ல் பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 மீட்டர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். தங்கம் மலேசியாவின் எம். ஜெகதீசனுக்கு. வெள்ளி சிங்கப்பூரின் சி. குணாளனுக்கு. முன்னவர் மருத்துவரானார், பின்னவர் ஆசிரியர். குணாளன் 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓடிய 10.38 வினாடி, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நிலைத்தது. புத்தகமும் ஓட்டமும் ஒரே வாழ்வில் இடம் பிடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஓடுகிற எல்லாரும் குணாளன் ஆகிவிட மாட்டார்கள். என் மகளும் ஆகப்போவதில்லை என்றே நினைக்கிறேன். அதற்காக அவளது ஓட்டம் வீணாகிவிடாது. பெரிய நாட்டில் ஆயிரம் பிள்ளைகள் திடலைவிட்டுப் போனாலும் இன்னும் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். நம் கணக்கு அப்படி இல்லை. தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். ஒருவரை வீட்டில் நிறுத்திக்கொண்டால் மற்ற மூவரும் சேர்ந்தே நிற்க வேண்டியதுதான்.

பெற்றோரே, நிறுத்து என்று சொல்வதற்குமுன் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வார அட்டவணை போட்டுப் பாருங்கள். பயிற்றுவிப்பாளரிடமும் பேசுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஒரு துணைப்பாட வகுப்பை வேறு நாளுக்கு மாற்றினோம்; தேர்வு நெருங்கும் மாதங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதாக மகள் ஒப்புக்கொண்டாள். இளையர்களே, நீங்களும் நேரத்துக்குப் படித்துக் காட்டினால்தான் உங்கள் பேச்சு வீட்டில் எடுபடும்.

சென்ற சனிக்கிழமை காலை அவளுடன் திடலுக்குப் போனேன். கைதட்ட அங்கே யாரும் இல்லை. அவள் ஆறு முறை ஓடினாள். நான் நேரம் குறித்தேன்.