அழைப்பு எட்டாத தாய்மார்

தாயிடமிருந்து சேய்க்குச் சிபிலிசு நோயும் எச்.ஐ.வி. தொற்றும் செல்வதை ஒழித்துவிட்ட நாடு இலங்கை என்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. பெருமைப்படத்தக்க செய்திதான். கருவுற்றவளின் பெயர் குடும்பநல மாதின் ஏட்டில் ஏறியதும் அவளது இரத்தம் சோதிக்கப்படுகிறது; சிபிலிசு காணப்படின் பெனிசிலின் ஊசி தாயையும் சேயையும் காக்கிறது. வெயிலிலும் மழையிலும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று இதனைச் சாதித்த மாதர் எமது நன்றிக்குரியர்.

இச்சான்றினைக் காட்டி, "எங்கள் வடக்கில் இந்நோய்களுக்கு இடமில்லை" என்று மார்தட்டுவோரும் உளர். நோயின் கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறதென்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தாரில்லை. சோதிக்கப்பட்டவரிடத்திலேதான் நோய் காணப்படும். கருவுற்றவள் சோதிக்கப்படுகிறாள், அவளிடம் நோய் காணப்பட்டாலன்றி அவள் கணவனை எவரும் அழைப்பதில்லை. மணமாகாத இளைஞனும், தொழில் தேடிப் பிறநாடு சென்று மீண்டவனும், கணவனை இழந்தவளும் எந்த ஏட்டில் உள்ளனர்? தெரிந்தவர் கண்டுவிடுவரோ என்றஞ்சிச் சிகிச்சை நிலையத்தின் வாசலை மிதியாது, மருந்துக்கடையில் ஏதோ குளிசை வாங்கி விழுங்குபவன் எக்கணக்கிலும் சேரான். குறைந்த எண்ணிக்கை குறைந்த நோயைக் காட்டலாம். குறைந்த சோதனையையும் காட்டலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாது பேசுவது கற்றவர்க்கு அழகன்று.

இதனினும் கொடிது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். பப்பிலோமா என்னும் வைரசே ஏறக்குறைய எப்போதும் இதன் காரணம். பாலுறவாற் பரவுவதென்பதால் இதனை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கொள்வது வெறும் அறியாமை. இல்லறம் நடத்தும் ஆண் பெண்ணிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரசுக்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் உடலே அதனைத் துரத்திவிடும். துரத்தாதவிடத்து 15, 20 ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்து புற்றாகிறது. அந்த இடைக்காலத்தில் ஒருமுறை கண்டுகொண்டாற் சிறு சிகிச்சையோடு தீர்ந்துபோம்.

இதற்கெனவே 1996இல் சுகவனிதையர் நிலையங்கள் தொடங்கின. 35 வயதை எட்டிய பெண்களை அழைத்துச் சோதிப்பது திட்டம்; பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டனர். அந்த 1996, வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து அலைந்து வீடு திரும்பிய ஆண்டு. 1999இல் வன்னிக் காட்டோரம் தரப்பாளின் கீழ் வாழ்ந்த 35 வயதுத் தாயை எந்த நிலையத்துக்கு யார் அழைத்தனர்? அதே தாய் 2009இல், தன் 45ஆம் வயதில், செட்டிகுளம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தாள். இன்று அவள் 60ஐத் தாண்டிவிட்டாள். இரண்டு அழைப்பும் அவளுக்கு எட்டவில்லை. திட்டமோ அவளைக் கடந்துபோய் இன்றைய 35 வயதினரைத் தேடுகிறது. தானாகச் சென்றாற் சோதிப்பர் என்பது மெய்யே. எனினும் வெண்காயம் பிடுங்கும் நாளிற் கூலியை இழந்து, பஸ் ஏறி, நோவில்லாத உடலைக் காட்டுவதற்கு எந்தக் கமக்காரப் பெண் போவாள்?

2017 முதல் 6ஆம் வகுப்பு மாணவியருக்குத் தடுப்பூசி இடப்படுகிறது. நல்ல காரியம், மறுக்கும் பெற்றோர் மறுபடி சிந்திக்க வேண்டும். ஆயினும் அவ்வூசி பெற்ற முதற் சிறுமியர் 35 வயதை அடைய 2040 கடந்துவிடும். ஊசி பெறாத அவர்தம் தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் சோதனை ஒன்றே காப்பு.

தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. கிளிநொச்சியில் நெதர்லாந்தின் உதவியோடு பெண்கள் நலத்துக்கான நிலையமொன்று 2024இல் திறக்கப்பட்டது. கட்டடங்கள் வேண்டியவையே. துணுக்காயிலிருந்து ஒரு மூதாட்டி அங்கு போய்ச் சேர்வதற்கு முன்னர், அவள் முற்றத்துக்கு ஒருத்தி வந்து, அவள் மொழியில், கூச்சமின்றி விளக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் கிறீன் பிரசவ வைத்தியத்தைத் தமிழில் நூலாக்கிக் கற்பித்தார். அந்த மண்ணில் இன்று படித்த குடும்பங்களே கருப்பை என்ற சொல்லை மெல்ல உச்சரிப்பது விந்தையே.

50 முதல் 65 வயது வரையுள்ள, ஒருமுறையும் சோதிக்கப்படாத பெண்களுக்கும் முதலிடம் தரவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையையும் அது ஏற்கிறது. நாணத்துக்கு இதனினும் நல்ல மருந்தில்லை. வட மாகாண சுகாதாரத் திணைக்களம் இவ்விரண்டையும் வன்னியில் முதலில் நடைமுறைப்படுத்துக. எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் விடுபட்டனர் என்பதை ஊர்வாரியாக ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுக.

கமக்காரர் சங்கங்கள் உர மானியத்துக்குக் கூடும் அடுத்த கூட்டத்திலேயே 50 கடந்த பெண்களின் பட்டியலைத் தயாரித்துச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுக்கலாம். காலபோக அறுவடை முடிந்தபின் ஒரு நாளைக் குறித்து, நெல்லேற்றும் வாகனத்திலேயே அவர்களை அழைத்துச் செல்லலாம்.