வெல்டு உடையாது, வண்டி உடையும்

“பயப்படாதீங்கண்ணா, வெல்டு வெச்ச இடம் இனி ஜென்மத்துக்கும் உடையாது.”

சேசிஸ் விட்டுப்போன வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் மனதாரச் சொல்கிறார், கேட்பவர் மனதார நம்புகிறார். “வெல்டு வெச்சா பழசைவிட ஸ்ட்ராங்கு” என்பது நம் ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்த நம்பிக்கை தவறு. மலைச் சாலையில் அது ஆளைக் கொல்லும் தவறு.

நானும் அதை நம்பியவன்தான். ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் சாலையில் ஒரு மழைநாளில் என் வண்டி வழுக்கித் தடுப்புச் சுவரில் மோதியது. முன்சக்கரம் பின்னால் தள்ளி, என்ஜினைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது. ஹேண்டில் திரும்பும் கோன் செட் இருக்கிறதே, அந்தக் குழாயிலிருந்து கீழே இறங்கும் பைப் விரிசல் விட்டிருந்தது. பட்டறையில் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, நீளமான பைப் ஒன்றைச் செருகி நெம்பி நிமிர்த்தினார்கள். விரிசல் மேல் ராடு ஓட்டினார்கள். அதற்கு மேல் ஒரு பட்டையை வைத்து நாலு பக்கமும் பற்றவைத்தார்கள். கிரைண்டிங், பட்டி, கறுப்புப் பெயின்ட். சாயங்காலமே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினோரு மாதம் கழித்து, காப்பி பறிப்புக் காலம். பின்னால் ஒரு மூட்டை. அதே இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கைப் பிடித்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். கையில் ஹேண்டில் இருந்தது, ஆனால் அது வண்டியோடு இல்லை. மெதுவாக வந்துகொண்டிருந்ததால் பிழைத்தேன்.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். வெல்டு அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. பைப் உடைந்தது பட்டையின் ஓரத்தில், வெல்டின் விளிம்பை ஒட்டி. உடைந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பேறி, துருவோடு வழவழவென்று இருந்தது. மீதிக் கால்வாசிதான் புதிதாக, பொரபொரவென்று மின்னியது. வண்டி அன்றைக்கு உடையவில்லை. மாதக்கணக்காக உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. பட்டியும் பெயின்டும் அதை என் கண்ணில் படாமல் மறைத்திருந்தன.

ஆக, மெக்கானிக் சொன்ன வாக்கு பலித்தது. வெல்டு வைத்த இடம் உடையவில்லை. அதன் பக்கத்தில் உடைந்தது.

இதற்குக் காரணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். 1842-ல் பாரீசை அடுத்த வெர்சாய் ரயில் பாதையில் என்ஜின் அச்சு ஒன்று முறிந்து ஐம்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதற்கப்புறம், தாங்கக்கூடிய எடையைத்தானே தாங்கியது, பிறகு ஏன் முறிகிறது என்ற கேள்வி பொறியாளர்களை விடவில்லை. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் ரயில் அச்சுகளை ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துச் சோதித்தார். ஒரே தடவை இழுத்தால் தாங்குகிற இரும்பு, அதைவிடக் குறைந்த சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் முறிந்துபோகும் என்று நிரூபித்தார். இரும்புக்கு அயர்ச்சி உண்டு. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடித்து ஒடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும்.

மலை இறங்கும் பைக்கின் கழுத்தில் நடப்பதும் அந்தக் கம்பி மடிப்புதான். முன்பிரேக்கைப் பிடித்தால் ஃபோர்க் பின்னால் தள்ளப்பட்டு, கீழ்ப் பைப் அழுந்துகிறது. குழியில் சக்கரம் ஏறி அடிவாங்கினால் அதே பைப் எதிர்த்திசையில் இழுபடுகிறது. அழுத்தம், இழுப்பு, அழுத்தம், இழுப்பு. ஒரு இறக்கத்தில் எத்தனை வளைவு, எத்தனை குழி என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்தப் பைப்பில் வெல்டு வைக்கிறோம். ராடு உருகி உறைந்த வரி உண்மையிலேயே கெட்டிதான், தடிமனாகவும் இருக்கும். ஆனால் அதன் ஓரத்தில் இரும்பு உருகாமல், கடும் சூடு மட்டும் பட்டு ஆறிய ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இரும்பின் உள்ளமைப்பே மாறிப்போகிறது. வெல்டு ஆறும்போது சுருங்கி, பக்கத்து இரும்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே உறைகிறது. வரியும் பைப்பும் சந்திக்கும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி விழுகிறது. விரிசல் பிறப்பது அந்தப் படியில்தான். உயர்ந்த ரக இரும்பு போட்டாலும் பற்றவைத்த மூட்டின் அயர்ச்சித் தாங்குதிறன் பெரிதாகக் கூடுவதில்லை என்பது வெல்டிங் பாடத்தின் அரிச்சுவடி.

சப்போர்ட்டுக்கு என்று வைக்கும் பட்டை இன்னும் மோசம். பட்டை உள்ள இடம் வளையாது, பட்டை முடிந்த இடம் வளையும். எல்லா வளைவும் அந்த ஒரு கோட்டில் வந்து குவியும். என் வண்டி உடைந்தது அந்தக் கோட்டில்தான்.

உறுதியைப் பற்றிய தவறு இது. நேரைப் பற்றிய தவறு இன்னொன்று. சேசிஸ் வெறும் இரும்புக் கூடு கிடையாது, அது ஒரு கணக்கு. முன்ஃபோர்க் எத்தனை டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், ஹேண்டில் அச்சை நீட்டினால் தரையில் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் அளந்து வைத்தவை. வண்டி நேராக ஓடுவது அந்த அளவுகளால்தான். கண்ணளவில் நிமிர்த்திய வண்டி நேர்ச்சாலையில் ‘ஒரு பக்கம் லேசா இழுக்குது’ என்பதோடு போய்விடலாம். கொட்டச்சேடு வளைவில் அது எதிரே வரும் பஸ்ஸை நோக்கி இழுக்கும். ஏற்காட்டுக் கோடை விழா நாட்களில் இந்தப் பாதையையே இறங்கும் வழியாகத் திருப்பிவிடுவதுண்டு. அன்றைக்கு உங்கள் வண்டியின் கழுத்தை நம்பி முன்னும் பின்னும் குடும்பங்கள் வருகின்றன.

“எங்க மாமா வண்டி வெல்டு வெச்சு பத்து வருஷமா ஓடுது” என்று உடனே ஒருவர் சொல்வார். ஓடலாம். நல்ல கை பற்றவைத்திருக்கலாம், வண்டி சமவெளியிலேயே ஓடியிருக்கலாம், அடி அதிகம் விழாத இடமாக இருக்கலாம். ஓடுகிற வண்டி டீக்கடை வாசலில் நின்று தன் கதையைச் சொல்கிறது. உடைந்த வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது, அதன் கதையை யாரும் சொல்வதில்லை.

அடுத்த கேள்வி நியாயமானது. தோட்ட வேலைக்குப் போகிறவன் புது சேசிஸுக்கு எங்கே போவான்? பழைய வண்டிகள் பலவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும்தான், சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் ஐந்து வயது தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதமும் பத்து வயது தாண்டினால் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். அதனால் ‘வெல்டிங்கே கூடாது, தூக்கிப் போடு’ என்று நான் சொல்லவில்லை. வெல்டிங் என்பது வேலையின் நடுப்பகுதி மட்டும்தான். அதையே முழு வேலை என்று நம்பியதைத்தான் கண்டிக்கிறேன்.

முழு வேலை எது? முதலில் பெயின்டைச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவர வேண்டும். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் எதுவரை போயிருக்கிறது என்று சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தச் சாயப் புட்டி பெரிய விலை கிடையாது. விரிசல் முடியும் முனையில் சின்னத் துளை போட்டால்தான் அது மேலே ஓடாமல் நிற்கும். சேசிஸை அளவுச் சட்டத்தில் இறுக்கிப் பிடித்து நிமிர்த்த வேண்டும். சூடு ஒரே பக்கம் சேராமல் மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் பெட்ரோலை அளப்பதே ஒரு சின்னக் கணினி என்பதால், பேட்டரியையும் அதையும் கழற்றாமல் ராடைத் தொடவே கூடாது. முடிந்ததும் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்தாவது பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டு, கேரியர், ஃபுட்ரெஸ்ட் தாங்கி போன்றவை விட்டால் இப்படிப் பற்றவைத்து ஓட்டலாம். ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயோ அதை ஒட்டிய மூட்டோ விட்டுப்போனால் ஓட்டாதீர்கள். சேசிஸையே மாற்றுங்கள். சேசிஸ் எண் பல வண்டிகளில் அந்தக் கழுத்தில்தான் பொறித்திருக்கிறது. கிரைண்டர் அதைத் தின்றுவிட்டால் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்கவே அலைய நேரும். எண் மாறினால் பதிவுச் சான்றிலும் மாற்றம் ஏறியாக வேண்டும். அலைச்சல்தான், செலவும்தான். எலும்பு முறிந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதங்களுக்கு அதைவிட அதிகம் செலவாகும், கூலியும் போகும்.

பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. “எப்போ கிடைக்கும், எவ்வளவு ஆகும்” என்ற இரண்டு கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லிப் பழகியிருக்கிறார். நாம் கேட்டது அவ்வளவுதான். “ஏன் விட்டுச்சு, விரிசல் எதுவரை போயிருக்கு, அளவு பார்த்தீங்களா” என்று கேட்க ஆரம்பித்தால் அவரும் சாயப் புட்டி வாங்குவார், அளவுச் சட்டம் வைப்பார்.

பற்றவைத்த வண்டியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு துணியால் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். வெல்டை மட்டும் பார்க்காதீர்கள், அது நன்றாகவே இருக்கலாம். அதன் விளிம்பை ஒட்டி, பெயின்டில் மயிரிழையாக ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்த வண்டியில் மலை இறங்காதீர்கள்.