பக்கத்துக் குதிரையின் பல்

மூத்தவளுக்கு எடுத்த பட்டுப் பாவாடையை இளையவள் இழுத்துக் கிழித்துவிட்டால், வீட்டில் உடனே ஒரு விசாரணை நடக்கும். யார் முதலில் இழுத்தது, எதற்காக இழுத்தது, பாட்டி ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மூன்று பேர் மேலும் குற்றம் விழும். குதிரை லாயத்தில் இந்த விசாரணைக்கு வழியில்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குதிரையின் போர்வை தோளருகே கந்தலாகத் தொங்கும். பக்கத்துக் குதிரை ஒன்றும் அறியாத முகத்தோடு புல்லை மென்றுகொண்டிருக்கும்.

"குதிரைக்குப் போர்வையா? அதுவும் நம் கடற்கரையிலா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புதுச்சேரியிலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிப் போகும் சாலையில் பெரிய முதலியார்சாவடி என்று ஓர் ஊர் வரும். அங்கே மேற்கே திரும்பினால் ஆரோவில். 1968-இல் தொடங்கிய அந்த நகரில் ரெட் எர்த் என்ற பெயரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியும் உண்டு. ஆகவே இந்தப் பக்கத்தில் குதிரை என்றால் அய்யனார் கோயில் மண் குதிரை மட்டுமல்ல. (மண் குதிரைக்கு ஒரு சௌகரியம்: அதற்குச் சாத்திய துண்டை எந்தக் குதிரையும் கடிக்காது.)

குளிருக்குத்தான் போர்வை என்றால், இங்கே அது அநேகமாக வேண்டியதே இல்லை. நன்றாகத் தின்று வளர்ந்த குதிரை 5 டிகிரி வரை குளிரைச் சாதாரணமாகத் தாங்கும். நம் மார்கழி இரவு 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். சீமையில் போர்த்துகிறார்களே என்று இங்கேயும் கனத்த கம்பளியைப் போர்த்தினால் குதிரை வெந்துபோகும். நம் ஊரில் போர்வை பூச்சிக்காக. கண்ணுக்குத் தெரியாத கொசுக்குஞ்சு போன்ற ஒரு பூச்சி கடித்தால், சில குதிரைகள் தினவு தாங்காமல் பிடரியையும் வாலையும் ரத்தம் வரத் தேய்த்துக்கொள்ளும். அவற்றுக்குத்தான் கொசுவலை மாதிரி மெல்லிய போர்வை. மெல்லியது என்பதால் கிழிவதும் சுலபம்.

சரி, பக்கத்துக் குதிரை ஏன் கடிக்கிறது? பகையினால் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் சிநேகிதம்தான் காரணம்! கழுத்தும் முதுகும் சேரும் இடத்தைப் பல்லால் மெல்லக் கடித்துச் சொறிந்துவிடுவது குதிரைகளின் வழக்கம். நம் வீட்டுத் திண்ணையில் ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. பிரான்ஸ் தேசத்துக் கமார்க் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு நிதானமாகிறது என்று 1993-இல் எழுதினார்கள். நடுவில் ஒரு துணி வந்து மறைத்தால் சிநேகிதி என்ன செய்வாள்? துணியைத்தான் கடிப்பாள்.

இன்னொரு காரணம், உப்பு. குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிடக் கரிக்கும். நாலு நாள் துவைக்காத போர்வை பக்கத்துக் குதிரைக்குக் கிட்டத்தட்ட ஓர் அப்பளம். மரக்காணம் உப்பளங்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது குதிரை உப்புக்காகத் துணியை நக்குவதாவது! வேலையில்லாத நாளிலும் நடுத்தரக் குதிரைக்குச் சுமார் 25 கிராம் உப்பு வேண்டும்; வியர்த்தால் இன்னும் கூட. தொட்டியில் தண்ணீரும், எட்டும் இடத்தில் உப்பும் இருந்தால் போர்வைக்குப் பாதி ஆபத்து குறையும்.

மீதியில் பெரும்பகுதி வெறும் வாயினால் வருவது. விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணி அது. வேளைக்கு ஒருமுறை கொள்ளை வைத்துவிட்டுப் போனால், மிச்சப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? 400 கிலோ குதிரைக்குத் தினம் 6 முதல் 8 கிலோ காய்ந்த புல் வேண்டும். அதையும் பல இடங்களில் பிரித்துப் போட வேண்டும்.

போர்வை ஓரத்தில் மிளகாய் தடவினால் என்ன என்று சமையலறையிலிருந்து ஒரு யோசனை வரும். வேண்டாம். 2008 ஒலிம்பிக்ஸில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. மிளகாயின் காரப்பொருள் உடம்பில் இருந்ததாகச் சில குதிரைகள் விலக்கப்பட்டன. நார்வே தன் வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. அது வலியையும் மறைக்கும், தோலையும் எரியச் செய்யும் என்பதால் தடை. பந்தயத்துக்கே போகாத குதிரையானாலும் கண்ணில் பட்டால் எரியுமே! சாதாரணச் சோப்புக் கட்டியை ஓரங்களில் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கிறவர்கள் உண்டு. கசப்புக்குப் பயந்து சில குதிரைகள் விட்டுவிடும். சில அதையும் ரசிக்கும்.

கெட்டித் துணியாக வாங்கலாமே என்றால், நைலான் புடைவைக் காலத்து 'டெனியர்' கணக்கு இங்கேயும் உண்டு. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 600-ஐவிட 1,200 உறுதி. ஆனால் நம் வெயிலுக்குக் கனத்த துணி ஆகாது. கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் மெல்லிய துணி தேவலை. கிழிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். துணியைவிட வார்தான் முக்கியம். வயிற்றுக்கும் வாருக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி போதும். அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். கிழிந்த போர்வைக்கு வேறு போர்வை வாங்கலாம். மாட்டிய கால் முறிந்தால் பெரும்பாலும் குதிரையே போய்விடும். வாரும் இரும்பைப் போல் இருக்கக்கூடாது. நெருக்கடியில் அறுந்து விடுவிக்க வேண்டும்.

இரண்டையும் தனித்தனியே கட்டிவிட்டால் போர்வை பிழைக்கும். ஆனால் தனியே நிற்கும் குதிரை மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கெட்ட வழக்கம் வந்தால் லேசில் போகாது. என்னைக் கேட்டால் போர்வை கிழியட்டும் என்பேன். பூச்சி அதிகம் மொய்க்கும் சாயங்காலமும் விடியற்காலையும் போர்த்தி, ஆள் பார்க்க வைத்துக்கொண்டு, மற்ற வேளையில் கழற்றிவிட்டால் இரண்டும் சொறிந்துகொண்டு நிற்கும்.

கிழிந்ததைத் தைக்கலாம்; சாக்குத் தைக்கும் கோணி ஊசி போதும். தையற்காரரிடம் கொடுப்பதானால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். துவைக்காமல் கொண்டுபோனால் அடுத்த தடவை அவர் கடையைச் சாத்திக்கொள்வார்.