காற்றுத் தாங்கிக்கு வயதென்ன?

முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் ரயர் ஒட்டும் கடையில் காற்றடிக்க நிற்கிறவர், பக்கத்தில் அதிரும் கொம்பிரசர் தாங்கியின் வயதைக் கேட்பதில்லை. கேட்டாலும் புதுப் பெயின்ற்தான் பதில் சொல்லும். ஆபத்து உள்ளே, அடிவயிற்றில். அமுக்கிய காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அங்கே தேங்கும். எங்கள் கரையோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கீழ்வால்வைத் திறந்து நாளாந்தம் வடிக்காவிட்டால் தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும். மீற்றர் முள் அழுத்தத்தைத்தான் காட்டும், தகட்டின் தடிப்பை அல்ல. அதை அளக்க மீயொலிக் கருவி வேண்டும். பிறகு நீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். காற்றை ஏற்றிச் சோதிப்பது மடத்தனம்: தகடு கிழிந்தால் நீர் ஒழுகும், காற்றோ வெடிக்கும். இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலன்களோடு இந்தத் தாங்கிகளையும் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கச் சொல்கிறது. பொறியியலாளர்கள் நிறைந்த தமிழ்நாட்டின் நெய்வேலி அனல்மின் நிலையத்திலேயே 2020 மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இரு கொதிகலன் விபத்துகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. சந்திக் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? தொழில் திணைக்களம் மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் பரிசோதனைக் குழுவை அனுப்பலாம். கட்டணம் குறைவாக இருக்கட்டும். தேறாத தாங்கியில் அங்கேயே துளையிட்டுவிடட்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு கடைக்கு விலைபோகும்.